டெராஜென் நிலத்தில் டாஸ் மனிதர்கள்: ஓர் அட்டை ஓவியரின் மதிப்புரை

சரித்திர நாவல்களுக்கு அட்டைப்படம் செய்து தருவது என் தொழில். மதுரையில் இருந்துகொண்டு சிறிய பதிப்பகங்களுக்காகப் பாண்டிய நாட்டு மனிதர்களையும் மண்ணையும் கணினியில் உருவாக்குகிறேன். நிலத்துக்கு டெராஜென் என்ற மென்பொருள், மனிதர்களுக்கு டாஸ் ஸ்டுடியோ. இரண்டையும் தனித்தனியே ரெண்டர் செய்து, அதாவது கணினி ஒளியைக் கணக்கிட்டுப் படமாக வரையும்படி செய்து, பிறகு ஒரே படமாகச் சேர்க்கிறேன். இந்த இரண்டையும் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். தோல் எப்படி வருகிறது, கூந்தல் எப்படி வருகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. இரண்டும் நன்றாகவே வருகின்றன. ஆனால், அந்த மனிதர் அந்த இடத்தில்தான் நிற்கிறார் என்று பார்ப்பவரை நம்ப வைப்பவை வெளிச்சமும் பாதமும். ஆகவே அவற்றைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு அண்மையில் முடித்த ஓர் அட்டையையே எடுத்துக்கொள்கிறேன். கதை எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் நடக்கிறது. களம் ஒத்தக்கடை யானைமலை. மேலூர் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் மலைதான். அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரையில் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரியின் பெயர் சொல்லும் கல்வெட்டின் காலம் கி.பி. 770. மலையின் மேலே சமணர் சிற்பங்களும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் உண்டு. காலை வெயிலில் மலையடிவாரச் செம்மண்ணில் ஒரு பெண்ணும், அவளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு முதியவரும் நிற்க வேண்டும், பின்னால் மலை முழுதாகத் தெரிய வேண்டும் என்பது பதிப்பாளரின் விருப்பம்.

எதற்கு இரண்டு மென்பொருள், ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடிக்கக் கூடாதா என்பது நியாயமான கேள்வி. டெராஜென் இங்கிலாந்தின் பிளானட்சைடு நிறுவனத்தின் படைப்பு. பூமியின் ஆரத்தோடு ஒரு முழுக் கோளையே வைத்துக்கொண்டு அதன் மேல் காற்று மண்டலம், மேகம், மூட்டம் எல்லாவற்றையும் கணக்கிடும். ஆனால் தோலுக்குள் புகுந்து சிவந்து சிதறும் ஒளி அதன் பலமல்ல. டாஸ் ஸ்டுடியோவில் இருப்பது என்விடியாவின் ஐரே ரெண்டரர். காது மடலில் வெயில் ஊடுருவுவதை அது அழகாகக் காட்டும். ஆனால் பத்துக் கிலோமீட்டர் தொலைவை அதனிடம் கேட்டால் திணறிப்போகும். இந்தப் பிரிவினை புதிதல்ல. 1994-இல் பிரைஸ் என்ற நிலக்காட்சி மென்பொருள் வந்தது, அடுத்த ஆண்டு மனித உருவங்களுக்காக போஸர் வந்தது. போஸரில் ஆளைச் செய்து பிரைஸ் மலையின் முன் நிறுத்துவது ஒரு தலைமுறையின் பொழுதுபோக்காகவே இருந்தது. யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்தப் பிரைஸை, அதே மாநிலத்தைச் சேர்ந்த டாஸ் நிறுவனம் 2004-இல் வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துப் படங்களை இன்று பார்த்தாலும் அவற்றின் ஆர்வம் எனக்குப் பிடிக்கிறது. ஆட்கள் மட்டும் தரையைத் தொடாமல் நிற்பார்கள்.

முதலில் நிலம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ராடார் மூலம் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. யானைமலைப் பகுதியை மட்டும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வெட்டி, சாம்பல் நிறப் படமாக மாற்றி டெராஜெனில் ஏற்றினேன். இந்தத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அது போதும். யானைமலைக்குப் போதாது. ஒற்றைப் பாறையாகச் செங்குத்தாக எழும் மலை, தரவில் சரிந்த மண்மேடாகிவிடுகிறது. துதிக்கைப் பக்கத்து விளிம்பு முழுதும் மழுங்கிவிடுகிறது. அதோடு, உயரப் படத்தில் ஓரிடத்துக்கு ஓர் உயரம்தான் சொல்ல முடியும். பாறை வெளியே துருத்திக்கொண்டு அடியில் குகையாக இருக்கும் இடத்தை அதனால் சொல்லவே முடியாது. டெராஜெனின் ரீடைரக்ட் ஷேடர் இங்கே கை கொடுக்கிறது. அது பாறைப் பரப்பைப் பக்கவாட்டிலும் தள்ளும். புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளிம்பை நானே கூர்மையாக்கினேன். மலையை அறிந்தவர் பார்த்ததும் பெயர் சொல்லும் அளவுக்கு வந்தது. இதற்காகவே இந்த மென்பொருளுக்கு என் முழு மதிப்பெண்.

மரங்களில் அப்படி இல்லை. ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் ஓக்கும் பைனும்தான் அதிகம். பனை என்று தேடினால் கடற்கரை விடுதி விளம்பரத்து மரம் வருகிறது. நம் ஊர்ப் பனையின் விசிறி ஓலையும், காய்ந்த மட்டை தொங்கும் கழுத்தும் எதிலும் இல்லை. இ-ஆன் நிறுவனத்தின் நிலக்காட்சி மென்பொருளான வியூ, செடிகொடிகளை உருவாக்கும் பிளான்ட்ஃபேக்டரி இரண்டையும் 2024-இல் பென்ட்லி சிஸ்டம்ஸ் மேற்கொண்டு வளர்க்காமல் நிறுத்தி, இலவசமாக வெளியிட்டது. பனையையும் உடைமுள்ளையும் பிளான்ட்ஃபேக்டரியில் செய்து டெராஜெனுக்குக் கொண்டுபோனேன். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு முறை செய்த பனை எல்லா அட்டைக்கும் உதவும்.

அடுத்தது கேமரா. டாஸ் கேமராவின் சட்டக அகலம் 36 மில்லிமீட்டர், புதிதாக ஒரு கேமராவை உருவாக்கினால் குவியத் தூரம் 65 மில்லிமீட்டர். அதாவது பார்வைக் கோணம் ஏறக்குறைய 31 பாகை. டெராஜென் தானாகக் கொடுக்கும் கோணம் 60 பாகை, குவியத் தூரத்தில் சொன்னால் 31 மில்லிமீட்டர் அளவு. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுச் சேர்த்தால், மலை அகல லென்ஸிலும் ஆள் நெடுந்தூர லென்ஸிலும் இருப்பார்கள். என்ன தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டாது. யானைமலைக்கு இரண்டிலும் 50 மில்லிமீட்டர் வைத்தேன். கேமரா உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சமதரையில் கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானக் கோடு அருகில் நிற்பவரையும் தொலைவில் நிற்பவரையும் தரையிலிருந்து அதே ஒன்றரை மீட்டரில்தான் வெட்டும். ஓரளவு ஒரே உயரமுள்ள பெரியவர்கள் என்றால் எல்லோருக்கும் கழுத்துப் பக்கம். முதியவரின் இடுப்பில் அடிவானம் போனால் அவர் மேட்டில் நிற்கிறார் என்று பொருள். எந்த மென்பொருளும் இதை உங்களுக்கு எச்சரிக்காது.

இனி வெளிச்சம். டாஸில் ஆயத்த ஸ்டுடியோ விளக்கு அமைப்புகள் நிறைய விற்கிறார்கள். நிலக்காட்சியோடு சேர்க்கும் வேலைக்கு அவற்றில் எதையும் வாங்க வேண்டாம். வெளிச்சம் நிலத்திலிருந்தே வர வேண்டும். டெராஜெனில் கேமராவைக் கோள வடிவப் பார்வைக்கு மாற்றி, வானமும் தரையும் சேர்ந்த முழுச் சுற்றுப் படத்தை, ஒளியின் அளவை முழுதாகக் காக்கும் இஎக்ஸ்ஆர் கோப்பாக எடுக்க முடியும். அதை டாஸில் சுற்றுச்சூழல் ஒளியாகப் போடுகிறேன். இந்தப் படத்தைப் பெண் நிற்கப்போகும் இடத்திலிருந்து, அவள் மார்பு உயரத்தில் எடுக்க வேண்டும். பார்வைக் கேமரா இருக்கும் இடத்திலிருந்து எடுத்தால் பக்கத்துப் பாறையின் நிழலும் செம்மண்ணின் பிரதிபலிப்பும் இடம் மாறிவிடும். சரியாக எடுத்த படத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: மேலிருந்து வானத்தின் நீலம் கூந்தலிலும் தோளிலும் இறங்குகிறது, கீழிருந்து செம்மண்ணின் சிவப்பு தாடையின் அடியிலும் வெள்ளைத் துணியின் விளிம்பிலும் ஏறுகிறது. அந்த இளஞ்சிவப்பைக் கையால் தீட்டினால் பூச்சாகத் தெரிகிறது. கணக்கிலிருந்து வந்தால் அந்த ஊர் மண்ணாகவே தெரிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இரண்டு மென்பொருள்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சூரியனை மட்டும் அந்தச் சுற்றுப் படத்தில் விடுவதில்லை. டெராஜெனில் சூரிய வட்டத்தை மறைத்துவிட்டு, டாஸில் தனி விளக்காக வைக்கிறேன். அப்போதுதான் ரெண்டரில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் குறைகின்றன. வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகைக்குக் கொஞ்சம் அதிகம். 30 மீட்டர் தள்ளி, 28 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்ட விளக்கை வைத்தால் அதே அகலம் கிடைக்கும். இதை விட்டுவிட்டுப் புள்ளி விளக்கு வைத்தால் மூக்கின் நிழல் கத்தியால் கீறியதைப் போல விழும், பெரிய விளக்கு வைத்தால் வெயில் மேகமூட்டமாகிவிடும். விளக்கின் கோணம் டெராஜென் சூரியனின் திசையையும் உயரத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டும். காலையைத் தேர்ந்ததற்கு எங்கள் ஊர் இருக்கும் இடமும் ஒரு காரணம். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண்குழி இருண்டு, நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும். முகம் தெரிய வேண்டிய அட்டைக்கு அது உதவாது. 20 பாகை உயரத்தில் சூரியனை வைத்தேன்.

பாதத்துக்கு வருகிறேன். 20 பாகை வெயிலில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் நிழல் சமதரையில் நாலரை மீட்டர் நீளும். அது புல்லின் மேலும் கல்லின் மேலும் வளைந்து போக வேண்டும். டாஸின் தட்டைத் தரையில் விழுந்த நிழலை வெட்டி ஒட்டினால் வளையாது. ஆகவே, டாஸிலிருந்து அதே நிலையில் நிற்கும் எளிய நகல் உருவத்தை ஓபிஜே என்ற முப்பரிமாணக் கோப்பாக டெராஜெனுக்குக் கொண்டுபோகிறேன். டாஸில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர், டெராஜெனில் ஒரு மீட்டர். நூறில் ஒன்றாகச் சுருக்காவிட்டால் மலையளவு பெண் நிற்பாள். அந்த நகலைக் கேமராவுக்கு மட்டும் மறைத்து, நிழலை விடும்படி அமைத்தால் நிழல் நிலத்தின் மேலேயே, அதன் மேடு பள்ளத்தோடு விழுகிறது. தலைப் பக்கத்தில் அதன் ஓரம் நாலரை சென்டிமீட்டர் அளவுக்கு மங்குகிறது, குதிகாலருகே கூர்மையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கணினி தானாகக் கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது கையால் நிழல் தீட்டியவர்களுக்குத் தெரியும். இதே நகலை ஒரு முறை கேமராவுக்குக் காட்டி ரெண்டர் செய்தால், டாஸ் உருவத்தின் கோட்டோடு பொருந்துகிறதா என்றும் சரிபார்த்துவிடலாம். அட்டை நெட்டு வடிவமானதால் பார்வைக் கோணக் கணக்கில் குழப்பம் வர வாய்ப்புண்டு. இந்தச் சரிபார்ப்பை விட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. சுற்றுப் படம் டாஸைப் பொறுத்தவரை எல்லையற்ற தொலைவில் இருக்கிறது. காலடியில் தரை இல்லை. அதனால் பாதத்தின் அடியிலும் புடவையின் கீழ் விளிம்பிலும், அந்தரத்தில் நிற்பவருக்கு விழுவதைப் போன்ற வெளிச்சம் விழுகிறது. அந்த இடத்தை இணைக்கும்போது கையால் இருட்டாக்கியே ஆக வேண்டும். பிறகு புல். அதே கேமராவில் முன்புறப் புல்லை மட்டும் தனி ரெண்டராக, பின்னணி இல்லாமல் எடுத்து, பாதத்துக்கு மேல் லேயராகப் போடுகிறேன். விரல்களுக்கு முன்னால் நாலு புல் குறுக்கிட்டதும் அந்தப் பெண் அங்கே நிற்கத் தொடங்குகிறாள். செம்மண்ணில் கால் கொஞ்சம் புதையும் என்பதால் கட்டைவிரல் ஓரமாக மண்ணையும் தீட்டிச் சேர்த்தேன்.

இணைக்கும் வேலைக்குக் கிருதா என்ற ஓவிய மென்பொருள் போதும். இலவசம், இஎக்ஸ்ஆர் கோப்புகளை முழு ஆழத்தோடு திறக்கிறது. கூந்தல் ஓரத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு வருகிறது என்று பலர் வருந்துகிறார்கள். காரணம் எளிது. ஒளி ஊடுருவும் அளவைச் சொல்லும் ஆல்ஃபாவை நிறத்தோடு முன்கூட்டியே பெருக்கி வைப்பது ஒரு முறை, பெருக்காமல் தனியே வைப்பது இன்னொரு முறை. இஎக்ஸ்ஆர் வழக்கமாக முதல் வகை, பிஎன்ஜி இரண்டாம் வகை. கணினி வரைகலை ஆய்வாளர்கள் போர்ட்டரும் டஃப்பும் 1984-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இணைப்புக் கணக்குகள் முதல் வகையை வைத்தே நடக்கின்றன. எந்தக் கோப்பு எந்த வகை என்று தெரிந்து திறந்தால் கோடு போய்விடும். டாஸில் பின்னணிக் கோளத்தை வரையாமல் விடும் அமைப்பை முதலில் தேர்ந்துவிடுங்கள். பிறகு, ரெண்டரின் கணக்கைத் தனிக் கோப்பாகத் தரும் கான்வாஸ் வசதியில் இஎக்ஸ்ஆராகச் சேமியுங்கள். அது, திரைக்கேற்ப ஒளியைச் சுருக்கும் டோன் மேப்பிங் ஏறாத அசல் ஒளி அளவைத் தருவதால் டெராஜெனின் அளவோடு பொருத்துவது எளிது. அருகில் நிற்பவர்களுக்கு மூட்டம் தேவையில்லை. ஆட்கள் பல நூறு மீட்டர் தள்ளி இருந்தால் மட்டும், ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் சொல்லும் கான்வாஸை வைத்து நீல மூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

டாஸின் மனிதர்களைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும். அடிப்படை உருவம் அருமையானது. எலும்பும் தசையும் வளைவதில் குறை சொல்ல மாட்டேன். வயதான உடலைக்கூடக் கண்ணியமாகச் செய்ய முடிகிறது. ஆனால் கடையைத் திறந்தால் நம் முகங்கள் குறைவு. கருந்தோல் என்று விற்பவற்றில் பலவும் வெளிர்த்தோலின் நிறத்தை இருட்டாக்கியவையாகத் தெரிகின்றன. உள்ளங்கையும் உதடும் முட்டியும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கவனம் இல்லை. கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. நெற்றியிலும் தோள் எலும்பிலும் வானம் நீலமாக மின்ன வேண்டும். பளபளப்பு அமைப்பை நீங்களே திருத்தினால் அது கிடைக்கும். நான் தோலின் நிறத்தை அமைத்த பிறகுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறேன். முகம் தெரியவில்லை என்று தோலை வெளுக்கச் சொல்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. வெளிச்சத்தை நகர்த்தித் தெரிய வைக்க முடியும்.

உடை இன்னும் சிக்கல். புடவை என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் தைத்த பாவாடையும் தோளில் ஒட்டிய பட்டையுமாக இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டுக்குத் தைக்காத துணி வேண்டும். 2017-இல் டாஸ் ஸ்டுடியோ 4.10-உடன் வந்த டிஃபோர்ஸ் என்ற துணிக் கணிப்பு இங்கே நன்றாக உதவுகிறது. தட்டையான துணியை இடுப்பில் சுற்றி, கொசுவத்தை மடித்து, பிறகு கணிப்பை ஓட விட்டால் எடை தெரியும்படி விழுகிறது. அவசரப்படுத்தினால் துணி உடலுக்குள் புகுந்து வெடிக்கும். உருவத்தை நேராக நிற்கும் நிலையிலிருந்து மெல்லக் கடைசி நிலைக்குக் கொண்டுபோனால் அடங்கும். முதியவரின் வேட்டிக்கு இதுவே வழி. கொண்டையும் காதோலையும் நானே செய்தவை.

கணினி, செலவு பற்றி. ஐரே வேகமாக ஓட என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு தேவை. காட்சி அதன் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் வேலை சிபியுவுக்குப் போய்விடும், இரவு முழுதும் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் நிலம் தனியே ரெண்டர் ஆவதால் அந்தக் காட்சியில் ஆளும் உடையும் மட்டுமே இருக்கின்றன, நினைவகம் தாங்குகிறது. டெராஜென் சிபியுவில் ஓடுகிறது. ஆகவே மலை ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம் என்று ஒரே கணினியில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும்.

டாஸ் ஸ்டுடியோ இலவசம். உருவங்களுக்கும் உடைகளுக்கும்தான் பணம். சாதாரண உரிமத்திலேயே ரெண்டர் செய்த படத்தை விற்கலாம், புத்தக அட்டைக்கு அதுவே போதும். உருவத்தையே விளையாட்டு மென்பொருளுக்குள் வைத்து விற்பவர்களுக்கு வேறு உரிமம் தேவை. டெராஜெனின் இலவசப் பதிப்பு வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. படத்தின் அளவுக்கும் அதில் வரம்பு உண்டு. டெம்மி அளவு (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) அட்டையை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, அச்சடிக்க 1650-க்கு 2550 புள்ளிகள் வேண்டும், ஓர வெட்டுக்கு இன்னும் கொஞ்சம். ஆகவே தொழிலாகச் செய்பவர்கள் பணம் கொடுத்தாக வேண்டும். சந்தா முறையும் இருப்பதால், அட்டை வேலை கையில் இருக்கும் மாதத்தில் மட்டும் கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் இலவசப் பதிப்பில் உங்கள் ஊர் மலையை ஏற்றிப் பாருங்கள். அதன் விளிம்பு உங்களுக்குத் திருப்தி தரும் வரை டாஸ் கடையில் ஒரு பொருளும் வாங்காதீர்கள்.